அப்டேட் முடிஞ்சது சார்!

என் தொழிலில் நான் அதிகம் சொன்ன பொய் இந்தத் தலைப்புதான். தெரிந்தே சொன்ன பொய்யாக இருந்திருந்தால் கெட்டிக்காரன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். நான் நிஜமென்று நம்பியே சொன்னேன்.

2014 ஏப்ரல் 7. மக்களவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு நடந்த அதே தேதியில்தான் 'ஹார்ட்பிளீட்' அம்பலமானது. கணக்கில்லாத வெப்சைட்டுகளுக்குப் பூட்டாக இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில், 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் ஓட்டை. 'இருக்கியா?' என்று ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை விசாரிக்கும் வசதியில்தான் அந்த ஓட்டை. விசாரிப்பவர் சொல்லும் செய்தி நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, ஒவ்வொரு தடவையும் 64 கிலோபைட் வரை மெமரியில் கிடப்பதை அள்ளிக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டு கிடந்தால் பாஸ்வேர்டு, சாவி கிடந்தால் சாவி. திருத்திய 1.0.1ஜி கையோடு வந்துவிட்டது.

உல்லாஸ்நகர் நாலாம் நம்பர் கேம்ப் வீட்டில் உட்கார்ந்தபடியே எங்கள் கம்பெனியின் எல்லா சர்வர்களிலும் அதை ஏற்றினேன். சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்து, சர்ட்டிஃபிகேட்டையும் மாற்றி, மேனேஜருக்கு போன் போட்டு அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"கார்டுக்குமா?" என்றார். எந்தக் கார்டு என்று கேட்க மானம் இடம் தரவில்லை. "பார்த்துட்டு இருக்கேன் சார்" என்றேன்.

சர்வருக்குள் செருகியிருக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் கார்டு அது. எங்கள் உல்லாஸ்நகரின் பழைய ராணுவ பாரக்குகளை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நீளக் கட்டடம். உள்ளே குடும்பத்துக்கு ஒரு தனிக் கதவு. கார்டும் அப்படித் தனிக் குடித்தனம். சொந்த பிராசஸர், சொந்த மெமரி, சொந்த நெட்வொர்க் போர்ட். சர்வரை ஷட்டவுன் செய்தாலும் கரன்ட் இருக்கும்வரை அது விழித்திருக்கும். அதற்குள்ளும் ஒரு ஓபன்எஸ்எஸ்எல். நான் சர்வரில் போட்ட அப்டேட் அதன் வாசலைக்கூட மிதிக்காது. கார்டு தயாரித்தவர்கள் ஃபர்ம்வேர் தந்தால்தான் உண்டு.

முதலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேனரை ஏவினேன். கார்டு பேச்சை நிறுத்திவிட்டது. பிறகுதான் படித்தேன்: எச்.பி.யின் ஐஎல்ஓ, ஐஎல்ஓ 2 மேனேஜ்மென்ட் சிப்புகளில் ஹார்ட்பிளீடே கிடையாது, ஆனால் ஹார்ட்பிளீட் சோதனை செய்தாலே அவை உறைந்துபோகும், மின்சாரத்தைத் துண்டித்தால்தான் மீளும் என்று அந்த நிறுவனமே அறிவித்திருந்தது. எங்களுடையது வேறு கம்பெனி கார்டு என்றாலும், இதைப் படித்த பிறகு ஏவியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். இருக்கிறதா என்றே தெரியாத நோய்க்கு டெஸ்ட் எடுத்தே நோயாளியைச் சாய்த்திருந்தேன்.

இனி நேரில் போய் ஒயரைப் பிடுங்க வேண்டும். "சுவிட்சை அணைச்சுப் போடவா இவ்வளவு தூரம் போறீங்க?" என்றாள் மனைவி. அதைவிடச் சரியாக என் வேலையை யாரும் வர்ணித்ததில்லை. அம்பர்நாத்திலிருந்தே நிரம்பி வந்த லோக்கல் ரயிலில் தொற்றி, தானேயில் வண்டி மாறி, ஐரோலி டேட்டா சென்டருக்குப் போனேன். ஒயரைப் பிடுங்கினேன். சர்வர் அசையவில்லை, கார்டும் அசையவில்லை. ஏதோ ஹார்டுவேர் கோளாறு என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். கூட வந்த செக்யூரிட்டிதான், "சாப், தூஸ்ரா வாலா?" என்று காட்டினார். சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை. அது எனக்கும் தெரியும்; புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தப் பாடம் எடுப்பவனே நான்தான்.

இரண்டாவதையும் பிடுங்கியதும் கார்டு உயிர்த்தது. லாகின் செய்ய பாஸ்வேர்டு வேண்டுமே? மாற்றவே இல்லை, ஃபேக்டரியிலிருந்து வந்த அதே பாஸ்வேர்டு. எவனும் ஹார்ட்பிளீட் வழியாகக் கஷ்டப்பட்டு நுழைய வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

இனி இப்படி நடக்கக்கூடாதென்று எக்ஸெல்லில் ஒரு பட்டியல் போட்டேன். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இன்னொரு லைப்ரரியின் ஓட்டை வெடித்தபோது பெருமையாகத் திறந்தேன். 'கார்டு', 'ஃபர்ம்வேர்', 'தேதி' என்று மஞ்சள் வண்ணத்தில் அழகான தலைப்புகள். கீழே ஒரு வரிகூட இல்லை.

சர்வர் வைத்திருப்பவர்களே, உள்ளே என்னென்ன கார்டு இருக்கிறது, எந்த ஃபர்ம்வேர் ஓடுகிறது, பாஸ்வேர்டை மாற்றியாயிற்றா என்று இன்றே எழுதி வையுங்கள். அந்த வேலையை மட்டும் என்னைப் போன்ற ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள்.