நாசிக்குக்குப் புறப்பட்ட மாப்ளைக்கு ஒரு வார்த்தை

ஏப்பா மாப்ள, ஒயின் ஆலை பாக்க நாசிக் போறியாமே! கார் இல்ல, பையில துட்டும் இல்ல, நாக்குக்கு மட்டும் பிரெஞ்சுக்காரன் நெனப்பு. போயிட்டு வா, நான் ஒண்ணும் சொல்லல. கம்பத்துப் பள்ளத்தாக்குல திராட்சைப் பந்தலுக்கு அடியில தவழ்ந்து வளந்த பய, அம்புட்டு தூரம் தாண்டிப் போயி அடுத்தவன் தோட்டத்துத் திராட்சையைக் காசு குடுத்துப் பாக்கணும்னு தலையில எழுதியிருந்தா, மாமன் யாரு தடுக்க?

ஆனா கார் இல்லைன்னு மூஞ்சியத் தொங்கப் போடாத. அந்த எடத்துக்குக் கார்ல வர்றவன் மாதிரி பாவப்பட்ட பொறவி ஒலகத்துலயே கெடையாது. மும்பையில இருந்து மலை ஏத்தம் எல்லாம் அவந்தான் ஓட்டிட்டு வருவான். மேசையில வரிசையா ஊத்தி வைப்பாங்க. பொண்டாட்டி குடிப்பா, மச்சான் குடிப்பான், சாவி வச்சிருக்கவன் மட்டும் வாயில வச்சுக் கொப்புளிச்சுத் துப்பணும். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா போலீஸ்காரன் விடமாட்டான். நீ பஸ்ஸு, ஆட்டோன்னு போற மகராசன். குடுத்த காசுக்கு ஒரு சொட்டு சிந்தாம முழுங்கலாம். இது புரியாம வாடகைக் கார் எவ்வளவுன்னு செல்லுல தடவிக்கிட்டு இருக்க.

மதுரையில மும்பை வண்டி ஏறுனா கடைசி வரைக்கும் போகாத. புனே வழியாப் போற வண்டியாப் பாத்து ஏறி, கல்யாண் ஜங்ஷன்ல எறங்கிக்க. அங்கனதான் தண்டவாளம் ரெண்டாப் பிரியுது. ஒண்ணு புனே பக்கம், இன்னொண்ணு கசாரா வழியா மலையேறி நாசிக் பக்கம். பஞ்சவடி எக்ஸ்பிரஸ்னு பேரக் கேட்டதும் துள்ளிக் குதிச்சிராத. அது காலையில நாசிக்ல இருந்து மும்பைக்கு ஆபீஸ் ஆளுகள ஏத்திட்டுப் போற வண்டி, சாயங்காலந்தான் திரும்பும். காலையில போறதுக்கு இருக்குறது தபோவன் எக்ஸ்பிரஸ். குடிக்கப் போறவனுக்கு வாச்ச வண்டியப் பாத்தியா! ரயில்வேக்காரனுக்கும் நக்கல் இருக்கு.

எறங்குற ஸ்டேஷன் நாசிக் ரோடு. ரோடுன்னு சேத்தா என்ன அர்த்தம்னு உனக்குச் சொல்லவா வேணும்? கொடைரோட்டுல எறங்கி கொடைக்கானல் எங்கன்னு தேடுறவன் கதைதான். ஊரே அங்கிருந்து ஒம்பது கிலோமீட்டர் தள்ளி. சூலா ஆலை ஊருக்கு அங்கிட்டு, கங்காப்பூர் அணைப் பக்கம். உன் முதுகுப் பையப் பாத்ததுமே ஸ்டேஷன் வாசல் ஆட்டோக்காரன் மனசுக்குள்ள மகளுக்கு நகை எடுக்க ஆரம்பிச்சிருவான். அவனத் தாண்டி நட. ரோட்டுல டவுன் பஸ் நிக்கும், 2021ல இருந்து சிட்டிலிங்க்னு பேரு. சிபிஎஸ்னு சொல்லு, ஊரு நடுவுல எறக்கி விடுவான். அங்கருந்து கங்காப்பூர் ரோட்டுப் பக்கம் போற பஸ்ஸுல தொத்திக்கிட்டு, மிச்சத்துக்கு மட்டும் ஆட்டோ வச்சா போதும். இன்னொன்னு, திரும்புறதுக்கு வண்டிய நீ தெளிவா இருக்கயிலேயே பேசிரு. பொழுது சாஞ்ச பெறகு அந்தக் காட்டு ரோட்டுல ஆட்டோ வரத்து கம்மி. வர்றவனும் உன் கண்ணு செவந்திருக்குற அளவுக்கு ஏத்தித்தான் ரேட்டு சொல்லுவான்.

அப்புறம் இந்தப் பேராசை. செல்லுல பாத்த ஆலை பூராவுக்கும் போகணும்னு பட்டியல் போட்டிருப்ப. ஷாண்டோன் வடக்க திண்டோரிப் பக்கம், குரோவர் சம்பாவும் வல்லோனேயும் தெக்க இகத்புரிப் பக்கம், சூலா மேற்க. கார்காரனே ஒரு நாளைக்குள்ள சுத்தி முடிக்க முடியாம நாக்குத் தள்ளுவான். நீ ஒரு தெசையப் பிடி. சூலாவுக்குப் பக்கத்துலயே யார்க் இருக்கு, அதே பக்கம் சோமாவும் இருக்கு. யார்க்கை 2021ல சூலாவே வாங்கிருச்சு, அதனால அண்ணன் வீட்டுல சாப்பிட்டுட்டு தம்பி வீட்டுல கை கழுவுன கணக்குத்தான். ஆனாலும் யார்க்குல கூட்டம் கொறச்சல், நின்னு பேசுறதுக்கு ஆளு கெடைக்கும். சனி, ஞாயிறு போயிராத. மும்பையே அங்கதான் கெடக்கும்.

அந்த சூலாக்காரன் கதை தெரியுமா? ராஜீவ் சாமந்த்னு ஒருத்தர். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல படிச்சு, அங்க பாத்துக்கிட்டு இருந்த வேலையையும் விட்டுட்டு, தொண்ணூறுகள்ல நாசிக்ல வந்து வெவசாயம் பண்ண உக்காந்தாரு. அம்மா சுலபா பேருலதான் கம்பெனி. 2000த்துல முதல் ஒயின் வெளிய வந்துச்சு, அடுத்த வருசமே மகாராஷ்டிர அரசு திராட்சை ஒயினுக்குன்னு தனியா கொள்கை போட்டு வரியில சலுகை குடுத்துச்சு. 2022ல பங்குச் சந்தைக்கே போயிட்டாங்க. நம்மூர்ல அமெரிக்க வேலைய விட்டுட்டு ஒருத்தன் மண்வெட்டியத் தூக்கட்டும், மறுநாளே கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போயிருவாங்க.

எப்பப் போறதுன்னு கேளு, அதத்தான் நீ கேக்கவே இல்ல. நம்ம பன்னீர் திராட்சை மாதிரி வருசம் பூரா காய்க்கும்னு நெனச்சு மே மாசம் லீவு போட்டீன்னா, வெட்டி விட்ட குச்சியப் பாத்துட்டு வருவ. அங்கயும் ரெண்டு தடவ கவாத்து வெட்டுவாங்க, ஆனா பழம் எடுக்குறது ஒரு தடவதான். ஏப்ரல் ஒட்டி ஒரு வெட்டு, மழை முடிஞ்சு செப்டம்பர், அக்டோபர்ல ஒரு வெட்டு. சனவரியில இருந்து மார்ச் வரைக்குந்தான் அறுப்பு. அப்பப் போனீன்னா பழம் வந்து எறங்குறதுல இருந்து அரைக்கிறது வரை கண்ணால பாக்கலாம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பறிச்சு, குளிரூட்டின எவர்சில்வர் தொட்டியில நொதிக்க விடுவாங்க. வெள்ளை ஒயினுக்குச் சாறு மட்டும், செவப்புக்குத் தோலோட சேத்து. அறுப்புக் காலத்துல பட்டணத்து ஆளுக தொட்டியில எறங்கித் திராட்சைய மிதிச்சு வெளையாடுவாங்க, அதுக்குக் காசும் கட்டுவாங்க. நீ சின்னப் பிள்ளையில ஒரு கொலைய மிதிச்சதுக்கு உங்க அய்யா முதுகுல போட்டாரே, அது இலவசம்.

தேதியும் பாத்துக்க. அக்டோபர் 2 போனா தண்ணி கூட யோசிச்சுத்தான் குடுப்பான். ஆஷாடி ஏகாதசிக்கும் அந்த மாநிலத்துல கடை அடைப்பு. தேர்தல் வந்தாலும் அதே கதி. 21 வயசு ஆகலைன்னா ஒயினத் தொடவிட மாட்டாங்க. உனக்கு அந்தப் பிரச்சனை இல்ல, புத்திக்குத்தான் இன்னும் ஆகல.

ஆலைக்குள்ள போனா நடத்தைய மாத்து. சுத்திக் காட்டி ருசி பாக்க ஊத்துற டிக்கெட்டு ஒண்ணு எடு, அதுதான் செலவு. மத்ததெல்லாம் மாயை. பேரு போட்ட பனியன், தொப்பி, மலை பாத்த மேசையில உக்காந்து ஒரு தட்டு பாலாடைக்கட்டி, இதுலதான் ஏழை அழியுறது. வயித்த ஊருக்குள்ளயே நெரப்பிக்க. நாசிக்ல மிசல் பாவு பேர் போனது, எண்ணெய் மெதக்கும், ஒறைக்கும், வெல கம்மி. அது வயித்துல இருந்தா ஒயின் உன்னத் தூக்காது. ஆனா ஒறைப்பு எறங்குற வரைக்கும் ஒரு மணி நேரம் விட்டுட்டுப் போ, இல்லாட்டி அம்புட்டு ஒயினும் மிசலாத்தான் தெரியும்.

ஊத்துனதும் மடக்குனு கவுத்துறாத, டாஸ்மாக் வாசல்னு நெனச்சுருவாங்க. கிண்ணத்தச் சுத்தணும், மோந்து பாக்கணும். சூர்ப்பனகை மூக்கப் பறிகொடுத்த பஞ்சவடி அந்த ஊருலதான் இருக்கு, நீ பத்திரமா உள்ள விட்டு எடு. சோவிஞோன் பிளாங்க்னு ஒண்ணு குடுப்பான், பச்சைப் புல்லு, குடமிளகா வாசம் வருதான்னு கேப்பான். ஷிராஸ்ல மெளகு வாசம் வரும்பான். அது உண்மைதான், ஆனா குமுளி மெளகு மோந்த மூக்குக்கு அத அவன் சொல்லித் தரணுமா? வந்தா வருதுன்னு சொல்லு, வரலைன்னா வரலைன்னு சொல்லு. தலைய மட்டும் ஆட்டுனீன்னா கடைசியில ரெண்டாயிரம் ரூவா பாட்டிலத் தலையில கட்டிருவான். பாட்டிலு வாங்கவும் வேணாம். மாநிலத்துக்கு மாநிலம் சாராயச் சட்டம் வேற, ரயில் பொட்டியில அது ஒடைஞ்சா மானம் வேற.

ராத்திரி பஞ்சவடி தர்மசாலையில தங்குனா மிச்சம்னு கணக்குப் போடுறது தெரியுது. ராமர் கோயில் பக்கத்துல அந்த வாடையோட போயி நிக்காத. சிபிஎஸ் சுத்தி லாட்ஜு கெடக்கு. மறுநாள் காலையில குளிச்சு முழுகிட்டு திரியம்பகேஸ்வரத்துக்கு பஸ் ஏறு, முப்பது கிலோமீட்டருக்குள்ளதான். ஜோதிர்லிங்கத்தக் கும்பிட்டு விபூதி வாங்கிட்டு வா. எந் தங்கச்சி, உங்க ஆத்தா கேட்டா, ஆமாத்தா உம் மகன் சிவன் கோயிலுக்குத்தான் போனான்னு நான் துண்டப் போட்டுத் தாண்டுறேன்.

சும்மா இல்ல மாப்ள, அதுக்குக் கூலி உண்டு. அந்த ஆலைக்கு வெளிய டீக்கடையில தொப்பி போட்ட வெவசாயிக உக்காந்திருப்பாங்க. அவங்கள்ல பல பேரு ஆலையோட வருசக் கணக்குல ஒப்பந்தம் போட்டுப் பழம் குடுக்குறவங்க. நமக்கு ஏவாரி தோட்டத்துல வந்து நின்னு வாய்க்கு வந்த வெலை சொல்றான். அவங்களுக்குக் கிலோ என்ன வெலை, துட்டு எத்தனை நாள்ல கைக்கு வருது, மழை அடிச்சுக் காய் வெடிச்சா நட்டம் யாரு தலையில, இந்த மூணையும் கேட்டு எழுதிட்டு வா. இந்தி தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்காத. ரெண்டு கிண்ணம் உள்ள போனா நீ மராத்தியே பேசுவ.