கேமராத் திணையியல்: ஓர் அறிமுக ஆராய்ச்சி

டிஜிட்டல் கேமரா வாங்குவது குறித்து ஆலோசனை சொல்வோர் எல்லாரும் கேமராவை ஆராய்கிறார்கள். வாங்குகிற மனிதரை ஆராய்வதில்லை. இப்பெருங்குறையைப் போக்கும்பொருட்டு, அகத்திணைக்கு உரிய முதல், கரு, உரி என்னும் மூன்றையும் உரியவர்களின் அனுமதியின்றிக் கடன்வாங்கி இவ்வாராய்ச்சி நிகழ்த்தப்படுகிறது. முதற்பொருளாவது நிலமும் பொழுதும்: எங்கே, எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறோம் என்பது. கருப்பொருளாவது படத்தில் அகப்படப்போகும் பேரக்குழந்தை, கொக்கு, கோபுரம் முதலியன. உரிப்பொருளாவது வாங்கத் தூண்டும் மனநிலை. கடைக்குள் நுழைகிறவர் முகத்தில் முதலில் தென்படுவது உரிப்பொருளே ஆதலின், அங்கிருந்து தொடங்குதும்.

"எந்த யூஸுக்கு சார்?" என்கிறான் கடைப்பையன்.

"சும்மா ஃபேமிலி யூஸ்தான் தம்பி. ஆனா நல்லதா இருக்கணும்."

இதற்கு உரை: 'சும்மா' என்றது பட்ஜெட்டை வெளியிட மனமின்மையால். 'ஃபேமிலி யூஸ்' என்றது உடன் நிற்கும் மனைவியின் காதில் விழும்பொருட்டு. 'நல்லதா' என்றது, சகலை போன தீபாவளிக்கு வாங்கியதைக் காட்டிலும் நல்லதாக என்றவாறு. எங்கே எடுப்பார், எதை எடுப்பார், எடுத்த படம் எங்கே போய்ச் சேரும் என்ற மூன்றும் இவ்வுரையாடலில் இடம்பெறாமை காண்க. பையனும் கேட்பதில்லை. "24 மெகாபிக்சல் சார். பேக், கார்டு, ட்ரைபாட் எல்லாம் ஃப்ரீ" என்கிறான், பில் போடப்படுகிறது. (அந்த இலவச ட்ரைபாட், கேமராவை ஏற்றியதும் தலைகுனியும் இயல்பினது. அதை ஆராய்ச்சியிலிருந்து விலக்கினோம்.)

இனி, மெகாபிக்சல் என்னும் எண் வழிபாடு. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா மூன்றரைக் கிலோ எடை இருந்தது. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அந்தப் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகள், அதாவது 0.01 மெகாபிக்சல். சாசன் இன்னும் கொஞ்சம் புள்ளிக்கு ஏங்கியிருந்தால் நியாயம் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பதே 20, 24 என்று நிற்கும் இக்காலத்தில் ஏக்கம் தொடர்வது ஏன்?

"பெரிசா பேனர் அடிச்சா உடைஞ்சிடும்ல?" என்பர் ஒரு சாரார். அற்றன்று. கல்யாண மண்டப வாசலில் நிற்கும் ஃப்ளெக்ஸ் பேனரையே சான்றாகக் கொள்வோம்: அகலம் 20 அடி, உயரம் 10 அடி. சாலைக்கு இந்தப் புறம், 10 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். அத்தொலைவில், 3 மில்லிமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளைச் சாதாரணக் கண்ணால் பிரித்தறிவது அரிது. 20 அடியை 3 மில்லிமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 2,000. 10 அடியை வகுத்தால் 1,000. பெருக்கினால் 20 லட்சம். ஆக, 2 மெகாபிக்சல். ஆல்பத்தில் செருகும் 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டாலும் 21.6 லட்சம்தான் வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் படமும் தெருவை அடைக்கும் படமும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே அளவு புள்ளிகளையே! இதற்குப் 'பேனர் தேற்றம்' என்று பெயரிடுகிறோம். பேனருக்குக் கீழேயே போய் நின்று பார்க்கும் உறவினர் இதற்கு விதிவிலக்கு. அவர் எப்படியும் தம் பெயர் அச்சாகியிருக்கிறதா என்றுதான் தேடுகிறார்.

முதற்பொருளுக்கு வருவோம், பணம் போகவேண்டிய இடம் இதுதான். நிலம், கல்யாண மண்டபம். பொழுது, வைகறை முகூர்த்தம். ஹோமப் புகைக்கு நடுவே கெட்டிமேளம் கொட்டுகிறது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் பத்தில் ஒரு பங்கு விநாடி திறந்திருக்கவேண்டும் என்று கொள்வோம். அதற்குள் மாப்பிள்ளையின் கை நகர்ந்துவிடும். படத்தில் தாலிக்குப் பதிலாக மஞ்சள் தீற்றல் ஒன்று கிடைக்கும். அதே இடத்தில் எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். நூறில் ஒரு பங்கு விநாடி போதும். முடிச்சு முடிச்சாகவே தெரியும். லென்ஸ்களில் மலிவானவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் ஜூம் கிடையாது. நாமேதான் முன்னும் பின்னும் நடக்கவேண்டும். முன்னே நடந்தால் வீடியோக்காரர் முறைப்பார். அவரைச் சமாளிக்கும் வழி இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சென்சாரின் பரப்பும் முதற்பொருளோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஃபுல் ஃப்ரேம் எனப்படுவது 36க்கு 24 மில்லிமீட்டர். சட்டைப்பைக் கேமராக்கள் பலவற்றில் இருந்தது அதில் முப்பதில் ஒரு பங்குப் பரப்பே. இடையில் 'ஒரு அங்குலச் சென்சார்' என்று ஒன்று உண்டு, அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். மூலைக்கு மூலை ஸ்கேல் வைத்தாலும் 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. பழைய டிவி கேமராவின் கண்ணாடிக் குழாயை வெளிவிட்டத்தால் அளந்த வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மனை விற்பவர்கள்கூட இத்தனை தாராளமாக அளப்பதில்லை.

கருப்பொருளில், பேரக்குழந்தை பகலில் முற்றத்தில் ஓடுவதற்கு வீட்டிலிருக்கும் போனே போதும். இதைச் சொன்னால் கடைக்காரர்கள் நம்மை உள்ளே விடமாட்டார்கள். கொக்கின் கதை வேறு. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று 55 மில்லிமீட்டரில் எடுத்தால், மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஏதோ இருக்கும். அது நத்தைகுத்தி நாரை என்று நாம் சொன்னால்தான் உண்டு. அங்கே 400 மில்லிமீட்டராவது வேண்டும். அதைத் தூக்கத் தோளும் வேண்டும். மேலே பழித்த மெகாபிக்சலுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது: தூரத்துப் பறவையை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கலாம். டிஜிட்டல் ஜூம் என்று பெட்டியில் போட்டிருப்பது இதே வெட்டும் வேலைதான். அதற்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்கவேண்டாம்.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்பர். கேமராவுக்கும் அஃதே. கல்யாணத்துக்கு வாங்கியதும் கொக்குக்கு வாங்கியதும் எடை மிகுதியால் வெளியே எடுக்கப்படாதபோது பாலைத்திணை எய்தும். அதற்குரிய நிலம் பீரோ. பட்டுப்புடவைகளுக்கும் பத்திரங்களுக்கும் இடைப்பட்ட தட்டு. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், இருட்டில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அரிசி டப்பாவில் போட்டுவைக்கலாம் என்பது மாமியார் மரபு. அரிசித் தூசி லென்ஸ் வளையத்துக்குள் புகும் ஆதலால் அது கொள்ளப்படாது. காற்றுப்புகாத டப்பாவும் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலமும் இருந்தால் தீர்ந்தது. பொட்டலத்தை அவ்வப்போது மாற்றவேண்டும்.

பாலை எய்திய கேமராக்களே பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. சிக்கனக்காரர்க்கு இது நல்ல செய்தி. வாங்குமுன் லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பார்க்க. உள்ளே நூல் நூலாக, கிளைவிட்ட வேர்போல வெண்மையாக ஏதும் தெரிந்தால் பூஞ்சை என்று அறிக. "அது தூசி சார், துடைச்சா போயிடும்" என்பார் விற்பவர். தூசி கிளைவிடாது என்பது மறுப்பு. "அப்ப ஐந்நூறு குறைச்சுக்குங்க" என்பார். அதற்கு மறுப்புக் கூறாது வெளியேறுக.