மெம்பர் அண்ணாச்சி மாநிலம் மாறிய வாரம்

1956 அக்டோபர் 29, திங்கட்கிழமை. இஸ்ரேல் சினாய் பாலைவனத்துக்குள் படையை இறக்கியது. ஹங்கேரிக்காரர்கள் ரஷ்ய டாங்கிகளோடு மல்லுக்கட்டத் தொடங்கி ஒரு வாரம் ஆகப்போகிறது. செங்கோட்டையில் ஒரு நகராட்சி மெம்பர் வீட்டு வாசலில் விடியும் முன்னமே நாலு பேர் நின்றார்கள். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டது.

அந்த மெம்பரின் பெயரை வரலாறு எழுதி வைக்கவில்லை. வரலாறு திவான் வரைக்கும் இறங்கும், அதற்குக் கீழே அதற்கு முட்டி வலிக்கும். அதனால் அவரை நானே செய்துகொள்கிறேன். வயது ஐம்பது, வெற்றிலைப் பெட்டி ஒன்று, குடை ஒன்று, தெருவுக்கே "மெம்பர் அண்ணாச்சி". ஆளும் அவர் பேச்சும் என் சரக்கு. அவரைச் சுற்றியுள்ள தேதி, சட்டம், மலை, குகை எல்லாம் அசல்.

மெம்பருக்கு அந்த வாரம் ஏன் முக்கியமான வாரம் என்றால், புதன்கிழமை ராத்திரி திருவிதாங்கூர்–கொச்சியில் படுத்து வியாழக்கிழமை காலை மதராஸ் மாநிலத்தில் எழுந்திருக்கப் போகிறார். பாயை மாற்ற வேண்டியதில்லை, தலைமாட்டைத் திருப்ப வேண்டியதில்லை. டெல்லி செய்து கொடுத்துவிடும்.

செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்ததே ஒரு வேடிக்கை. மலைக்கு மேற்கே ராஜா, கிழக்கே இந்த ஊர். ஊர் எல்லையில் ஒரு வளைவு, அதில் துவாரபாலகர்கள், நடுவே திருவிதாங்கூர் சங்கு. வளைவுக்கு வெளியே தென்காசி, குற்றாலம் எல்லாம் வேறு ராஜ்யம். ஆக, 1947 வரை செங்கோட்டைக்காரர் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நாலைந்து மைல் நடந்து அருவியில் நின்றால், அவர் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் புகுந்து குளிக்கிறார் என்று அர்த்தம். வைஸ்ராய் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

இந்த ஊர்க்காரர் வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டாரே, அவரும் கணக்குப்படி வெளி சமஸ்தானத்து ஆள்தான். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிச் சீமையின் வீரர் முறைப்படி திருநெல்வேலி ஜில்லாக்காரர் ஆவதற்கு 45 வருஷம் பிடித்தது. நம்முடைய ரெவின்யூ இலாகாவின் வேகத்துக்கு இது ஒன்றும் மோசமில்லை.

செவ்வாய்க்கிழமை மனுக்கள் வந்தன. வாரத்தின் மற்ற நாட்களிலும் வந்தன. இங்கேதான் அண்ணாச்சியின் நிலைமையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருவிதாங்கூர்–கொச்சியில் மந்திரிசபை மார்ச் மாதமே கவிழ்ந்து, சட்டசபையும் கலைந்து, மார்ச் 23 முதல் ஜனாதிபதி ஆட்சி. முதல்வர் கிடையாது, மந்திரி கிடையாது, எம்.எல்.ஏ. கிடையாது. மேலே ராஜப்பிரமுகராகச் சித்திரைத் திருநாள் மகாராஜா, அவருக்குப் பக்கத்தில் ஆலோசகர் பி.எஸ். ராவ். எம்.பி. இருப்பது டெல்லியில். மகாராஜாவின் சட்டையைப் பிடித்துச் சாக்கடை அடைப்பைப் பற்றிக் கேட்க முடியாது. ஓட்டு வாங்கியவர்களில், கைக்கு எட்டும் தூரத்தில், சட்டையும் போட்டுக்கொண்டு நடமாடியவர் மெம்பர் ஒருவர்தான். மொத்த ஜனநாயகமும் அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, புது கவர்மெண்டுல வரி கூடுமா?"

"கூடாம எந்த கவர்மெண்டுவே வந்திருக்கு?"

"ஆரியங்காவு நமக்கா, அவங்களுக்கா?"

அண்ணாச்சி வெற்றிலையை மடித்தார். வாயில் வெற்றிலை இருக்கும்போது மெம்பர்கள் பதில் சொல்வதில்லை என்பது ஊருக்குத் தெரியும்.

மலை மேலிருக்கும் ஆரியங்காவைப் பற்றிய அந்தக் கேள்வி லேசான கேள்வி இல்லை. மாநில எல்லைகளைத் திருத்தி அமைக்கப் போட்ட பசல் அலி கமிஷன் 1955 செப்டம்பரில் கொடுத்த அறிக்கை, செங்கோட்டைத் தாலுகாவில் நூற்றுக்கு 90க்கு மேல் தமிழர், பூகோளப்படியும் திருநெல்வேலியைச் சேர்ந்த இடம் என்று தெளிவாகவே சொன்னது. முழுத் தாலுகாவும் கிழக்கே வரும் என்று ஊரே நம்பியது. கடைசியில் வயலும் வீடும் இந்தப் பக்கம் வந்தன, காடும் மலையும் அந்தப் பக்கம் போயின. பாகப்பிரிவினையில் பெரிய அண்ணன் மரம் நிற்கும் தோட்டத்தை எடுத்துக்கொண்டதுபோல. அந்தப் பக்கமே நின்றுவிட்ட தேவிகுளம், பீர்மேடு கதை அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல். அதைப் பேச ஆரம்பித்தால் திங்கட்கிழமைச் சாக்கடை அப்படியே நின்றுவிடும். தமிழர் தாலுகாக்களைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லிக் கேட்டதற்காகத் தெற்கே 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. அங்கத்தித் தமிழர் தலைவர் நேசமணி கட்சி கட்டி வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார். அந்த இடங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் அண்ணாச்சிக்கும் வந்திருக்காது.

புதன்கிழமை, 31ஆம் தேதி. மாசக் கடைசி, தீபாவளி வாரம், ஆட்சியின் கடைசி நாள் மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் நகராட்சி ஆபீஸ் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "இந்த மாசச் சம்பளம் கொல்லம் ஜில்லாக் கணக்கா, திருநெல்வேலி ஜில்லாக் கணக்கா?" என்று கணக்குப்பிள்ளை கேட்கிறார். "வேலை செஞ்சது அந்த கவர்மெண்டுக்கு, தீபாவளி கொண்டாடுறது இந்த கவர்மெண்டுல. ரெண்டு பேருட்டயும் கேட்டுப் பாரும்" என்கிறார் அண்ணாச்சி. மலையாள குமஸ்தா ஒருவர் மேஜை டிராயரைக் காலி செய்கிறார். இத்தனை வருஷமாக மலையாளத்தில் எழுதுகிறானே என்று அவரைத் திட்டியவர்கள் எல்லாம் அன்றைக்கு அவருக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பீரோவில் கட்டுக் கட்டாக மலையாள ஃபைல்கள். மறுநாள் முதல் அவற்றைப் படிக்க வேண்டியது திருநெல்வேலிக்காரர்கள். அண்ணாச்சி அந்தக் கட்டுகளை அன்போடு பார்க்கிறார். தன் வார்டு பற்றிய பழைய புகார்களும் அதற்குள்தான் இருக்கின்றன.

நடுராத்திரி கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்தது. ராஜப்பிரமுகர் பதவி ஒழிந்தது. செங்கோட்டையில் ஐப்பசி மழை பெய்ததா என்று கேட்காதீர்கள், ஐப்பசியில் பெய்யாவிட்டால்தான் செங்கோட்டையில் செய்தி.

வியாழன். நாகர்கோவிலில் காமராஜர் வந்த பெருவிழா. கன்னியாகுமரி என்று ஒரு ஜில்லாவே உருவாகியிருக்க, செங்கோட்டைக்குத் தனி ஜில்லா இல்லை, திருநெல்வேலி வீட்டில் ஒட்டுத் திண்ணை. ஊரில் வெடி வெடித்தது. தீபாவளி வெடியா, மாநில வெடியா என்று போட்டவனுக்கே தெரியாது. மெம்பருக்கு மேடை கிடைத்தது. மெம்பர்களுக்கு மேடை கிடைத்தால் என்ன ஆகும் என்பது எல்லா மாநிலத்துக்கும் பொதுவான சட்டம். ராஜராஜ சோழனில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலுத்தம்பி தளவாய் வரைக்கும் வந்திருந்தார்.

அதற்குள் எல்லைக்கோடு சத்தம் இல்லாமல் ஊருக்குக் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விட்டது. நேற்றுவரை குளிக்க எல்லை தாண்டினார்கள்; இன்றுமுதல் ஆரியங்காவு அய்யனைக் கும்பிட எல்லை தாண்ட வேண்டும். சங்கு வளைவு எதையும் காவல் காக்க வேண்டியதில்லை என்றானாலும் துவாரபாலகர்களுக்கு மாறுதல் உத்தரவு வரவில்லை. கொல்லம் ரயிலுக்குத்தான் நல்ல வேடிக்கை. 1904லிருந்து ஒரே ராஜ்யத்துக்குள் ஓடி ஆரியங்காவுக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பெரிய குகைக்குள் புகுந்து வெளியே வந்த வண்டி, இப்போது கேரளத்தில் புகுந்து மதராஸில் வெளிப்பட்டது. எஞ்சின் டிரைவர் எப்போதும்போலச் சங்கை ஊதினார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. திருநெல்வேலியிலிருந்து முதல் தாள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். தமிழ்த் தாயின் மடியிலிருந்து வந்த முதல் கடிதம். பிரிக்கிறார். முழுக்க இங்கிலீஷ்.

இதில் என் கற்பனை குறைவு. மதராஸ் சர்க்காரின் ஆட்சிமொழி அன்றைக்கு இங்கிலீஷ்தான். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் அந்த டிசம்பரில்தான் சட்டசபைக்கு வந்தது. மலையாளத்திலிருந்து தப்பிக்க வருஷக்கணக்காகப் போராடிய ஜனம், நேராக வெள்ளைக்காரன் பாஷையின் மடியில் விழுந்தது. மாநிலத்தின் பெயரும் மதராஸ்தான். தமிழ்நாடு என்று பெயர் வை என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்து விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் உயிர் விட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெயர் மாற 1969 ஜனவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"நம்மளை வரவேற்கிறாங்க" என்றார் அண்ணாச்சி. தாள் என்னவோ வரி பாக்கியைப் பற்றியது.

சனிக்கிழமை தூங்கினார்.

ஞாயிறு, நவம்பர் 4. ரஷ்ய டாங்கிகள் திரும்பவும் புடாபெஸ்டுக்குள் நுழைந்துவிட்டன. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எகிப்தில் குண்டு போட, நாசர் கப்பல்களை மூழ்கடித்து சூயஸை அடைத்துவிட்டார். பேப்பரில் இவ்வளவு போனபின் செங்கோட்டைக்கு எங்கே இடம்? டீக்கடை பெஞ்சில் அண்ணாச்சி உட்கார்ந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் பார்வைக்கு அண்ணாச்சிதான் சர்க்கார். எந்த சர்க்கார் என்பது அவர் பிரச்சினை.

"அண்ணாச்சி, கால்வாயை அடைச்சுப்புட்டானாமே! நம்ம பக்கத்து மிளகெல்லாம் சீமைக்கு எப்படிப் போவும்? நீங்க ஏதும் செய்யக்கூடாதா?"

அண்ணாச்சி டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"கால்வாய் அடைப்புதானவே? மனுவா எழுதிக் குடும், பாப்போம். அதைக் கொல்லத்துக்கு அனுப்பணுமா திருநெல்வேலிக்கு அனுப்பணுமாங்கிறது மட்டும் முதல்ல தெரியணும்."