கடைசியில் ஏறியதே சட்டம்

2011-இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ கணினி விளையாட்டில் மோட்களை, அதாவது விளையாட்டை மாற்றும் துணைக்கோப்புகளை, சேர்ப்பவர் முதலில் கற்கும் பாடம் வரிசை. தாய்க்கோப்பு முன்னால், அதை நம்பியிருக்கும் மோட் பின்னால். இரண்டு மோட்கள் ஒரே பொருளைத் திருத்தினால் கடைசியில் ஏறியது வைத்ததே சட்டம். தாய்க்கோப்பு இல்லையென்றால், முகப்புத் திரை வருவதற்குள் விளையாட்டு விழுந்துவிடும். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலை தொடங்குபவருக்கு இதெல்லாம் புதிதல்ல. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி நிறுவ இசைவு முதலில், இயக்க இசைவு பிறகு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் வரும் திட்டமென்றால், கடைக்கால் தோண்டும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். வரிசை தவறிக் கட்டிவிட்டவர்களுக்காக 2017 மார்ச்சில் மத்திய அரசு ஆறு மாதத்துக்கு ஒரு வாசலைத் திறந்தது: ஆலை முதலில், அனுமதி பின்னால். ஸ்கைரிமுக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது.

‘லூட்’ என்ற கருவி மோட்களைத் தானே அடுக்கித் தருமே, தொழில் தொடங்குவதை எளிதாக்கும் தமிழ்நாட்டின் 2018 சட்டத்தின் ஒற்றைச் சாளரமும் அப்படித்தானே என்பார்கள். லூட் அடுக்கும், மோதும் இரண்டில் உங்களுக்கு எது வேண்டுமென்று அதற்குத் தெரியாது. சாளரமும் விண்ணப்பங்களைச் சேர்த்து வாங்கும். ஊரின் கிணறா, ஆலையின் கழிவுநீர்க் குழாயா என்ற வழக்கைத் தீர்க்காது. விளையாட்டையும் ஆலையையும் ஒப்பிடலாமா என்பது அடுத்த ஆட்சேபம். கூடாதுதான்; விளையாட்டில் பழைய சேமிப்புக்குத் திரும்பலாம், நிலத்தடி நீரில் அந்த வசதி இல்லை. ஆகவே, மோட் போடுபவர்கள் சேமிப்புக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். ஆலை போடுபவர்கள் தயவுசெய்து விண்ணப்பத்தை முதலில் போடுங்கள்.