கட்டை விரலின் தனிக்குடித்தனம்

(ஸ்காட்லாந்துத் தீவுகளின் கம்பளிக் கையுறைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதன் பேரில் வந்த கேள்விகளுள் சில.)

நான்கு விரல்களையும் ஒரே பைக்குள் அடைத்துவிட்டுக் கட்டை விரலுக்கு மட்டும் தனி அறை கொடுப்பானேன்?
— ஒரு வாசகர், திருச்சி

நான்கு சகோதரர்கள் கூட்டுக் குடும்பமாக இருக்கும்வரை ஓர் அடுப்பு போதும். பாகப்பிரிவினை ஆனால் நான்கு அடுப்பு மூட்ட வேண்டும். விரல்களும் ஒட்டியிருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு உதவுகிறது; தனித்தனி உறைக்குள் போனாலோ குளிர்காற்றுக்குக் காட்டும் மேனி பெருகிச் சூடு விரயமாகிறது. கட்டை விரல் தனிக்குடித்தனம் போனதைப் பற்றிக் குறைப்பட வேண்டாம். அவன் எதிரே நின்றால்தான் குடும்பத்துக்கு ஒரு பிடி பிடிக்க முடியும்.

இயற்கைக் காட்சியின் நிறங்களில் கையுறை பின்ன ஆசைப்பட்டு, மலைக்குப் பச்சை, வானத்துக்கு நீலம், மண்ணுக்குச் சிவப்பு என்று நூல் வாங்கினேன். முடிந்ததும் பார்த்தால் பள்ளிப் பிள்ளை வரைந்த படம் போல் இருக்கிறது. பிழை எங்கே?
— ஒரு வாசகி, குன்னூர்

தாங்கள் மலையைப் பார்த்து நூல் வாங்கவில்லை. மலை என்ற சொல்லைக் கேட்டு வாங்கிவிட்டீர்கள். ஷெட்லாந்துத் தீவின் மேட்டுநிலத்தை எட்ட நின்று பார்க்கிறவர் 'பழுப்பு' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவரே சற்றுக் குனிந்து ஒரு சாண் நிலத்தை நிதானமாகக் கவனிப்பாரானால், வாடிய ஹெதர்ப் பூவின் துருநிறமும், அதன் காலடியில் பாசியின் மஞ்சட்பச்சையும், கரிமண்ணின் ஈரக் கறுப்பும், நடுவே தலைகாட்டும் கல்லின் சாம்பலுமாகச் சேர்ந்துதான் அந்தப் பழுப்பை உண்டாக்குகின்றன என்று கண்டு வியப்பார். நாம் மாட்டுக்கு மயிலை, செவலை, காரி என்று பெயர் வைத்திருப்பது போல, அத்தீவினர் தங்கள் ஆட்டு ரோமத்தில் 11 பிரதான நிறங்களையும், உடலில் விழும் 30 வகை அடையாளங்களையும் பேதம் பிரித்திருக்கிறார்கள்: செம்பழுப்பு 'மூரிட்', எஃகுச் சாம்பல் 'ஷேலா', நீலம் பாய்ந்த சாம்பல் 'எம்ஸ்கெட்'. சாயமே தோய்க்காமல் ஒரு மழைக்கால வானத்தைப் பின்னிவிடலாம்.

இனி உபாயம். நூல்கண்டுகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்து, மத்தியான்னத் தூக்கம் வருகிறவரைப் போலக் கண்ணை முக்கால் பங்கு மூடிப் பாருங்கள். இரண்டு கண்டுகள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தால், ஒன்று பச்சை மற்றது சிவப்பு ஆனாலும் சரி, அவற்றை அக்கம்பக்கத்தில் வைத்த கோலம் எழும்பாது. தங்கள் மலையும் மண்ணும் இப்படித்தான் முட்டிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஒரே வரிசையில் எத்தனை நிறங்கள் வரலாம்?
— அதே வாசகி

இரண்டு. ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவே, சுமார் 5 கிலோமீட்டர் நீளமே உள்ள ஃபேர் ஐல் தீவின் சம்பிரதாயம் அது. அடுத்தடுத்த வரிசைகளில் ஜோடியை மாற்றிக்கொண்டே போகலாம். வேலையில்லாத நூல் உட்புறமாகப் படுத்தபடி வருவதால் கையுறை இரட்டைப் படையாகிக் கதகதப்புக் கூடுகிறது. அதை நெடுகத் தொங்கவிட்டால் மோதிரம் சிக்கும். இறுக்கிப் பிடித்தாலோ கையுறை சுருங்கிக் கொலுப் பொம்மைக்குத்தான் ஆகும்.

பாறையிலிருந்தே சாயம் எடுக்கிறார்களாமே, நிஜமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

நிஜம், தாங்கள் காரைக்குடிக்காரர் என்பதால் எளிதில் விளங்கும். ஹாரிஸ் தீவில் 'க்ராட்டல்' என்று பாறையிலிருந்து சுரண்டி எடுப்பது, தங்கள் வீட்டு மசாலாவில் சேரும் கல்பாசியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. பெரிய இரும்புப் பாத்திரத்தில் பாசி ஓர் அடுக்கு, கம்பளி ஓர் அடுக்கு என்று பிரியாணி போல அடுக்கி மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால், சாம்பல் நிறப் பாசி செந்துருப் பழுப்பாகக் கம்பளியில் ஏறிவிடும். மீனவர்கள் மாத்திரம் அந்தச் சாயமேறிய காலுறையைத் தொடமாட்டார்களாம். பாறையிலிருந்து வந்தது பாறைக்கே திரும்பும், படகு கவிழ்ந்தால் ஆளையும் அடிமட்டத்துக்கு அழைத்துப் போகும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மற்றபடி, இவ்வகைப் பாசி வருஷத்துக்குச் சில மில்லிமீட்டரே வளருமாகையால், ஒரு ஜோடிக் கையுறையை உத்தேசித்துத் தாங்கள் கரண்டியோடு மலையேற வேண்டாம்.

மே மாதச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு கம்பளிக் கையுறை பின்னும் என் மனைவியை என்ன செய்வது?
— ஒரு வாசகர், மயிலாப்பூர்

மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைக்க வேண்டியது. அளவு பார்க்கக் கையை நீட்டச் சொன்னால், மறுபேச்சின்றி நீட்ட வேண்டியது.