நாலரைப் பேருக்கு ஒரு ரசிகர்

திருமுல்லைவாயில் மகளிர் தொழிற்பேட்டையில் வேலை முடித்துத் திருவள்ளூர் லோக்கலுக்கு ஓடும் பெண்களே, உங்களுக்கு ஒரு நற்செய்தி. நீங்கள் போனில் கேட்கும் பாட்டை உலகம் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2020 செப்டம்பரில் தொடங்கிய பில்போர்டின் குளோபல் 200 பட்டியலில் உங்கள் காதுக்கும் கணக்கு உண்டு. முழுக் காதுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பட்டியல் தொடங்கியபோது வைத்த விதி இது: சந்தா கட்டியவர்கள் 200 தடவை கேட்டால் ஒரு பாட்டு விற்றதாகக் கணக்கு. நடுநடுவே சோப்பு விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு ஓசியில் கேட்பவர்கள் என்றால் 900 தடவை. ஆக, உங்களில் நாலரைப் பேர் சேர்ந்தால்தான் சந்தா கட்டிய சீமாட்டி ஒருத்திக்குச் சமம். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் நாலு பேரை நிறுத்திவிடலாம். மிச்ச அரைக்கு, யார் மடியிலாவது தூங்கும் அரை டிக்கெட்டைத்தான் தட்டி எழுப்ப வேண்டும். லண்டன்காரர்கள் இன்னும் தாராளம். 2018 முதல் அங்கத்துப் பட்டியலில் சந்தாவுக்கு 100, ஓசிக்கு 600. ஆறு பேருக்கு ஒரு ஆள்!

விளம்பரத்தில் வரும் காசு குறைவு, அதனால் எடையும் குறைவு என்பது அவர்கள் நியாயம். காசைத்தான் எண்ணுகிறார்கள் என்றால் 'பிரபலமான பாடல்கள்' என்று எதற்குப் பெயர்? 'கல்லாப்பெட்டி 200' என்று வைத்துத் தொலைக்கலாமே! இலங்கை வானொலிக்கு நேயர் விருப்பம் எழுதிப் போட்ட காலத்தில், அஞ்சலட்டையைப் பார்த்தார்கள். எழுதியவரின் சட்டைப் பையைத் தடவவில்லை.

விளம்பரத்துக்கு எடை குறைவு என்றேன் அல்லவா? அது உங்களுக்கு மட்டும்தான். 2019 ஜூலையில் ராப் பாடகர் பாட்ஷாவின் 'பாகல்' யூடியூபில் ஒரே நாளில் ஏழரைக் கோடிப் பார்வை என்று தம்பட்டம் அடித்தார்கள். பார்த்தால், காசு கொடுத்து அந்தப் பாட்டையே விளம்பரமாக ஊரெல்லாம் ஓட்டியிருக்கிறார்கள். அன்றைய விதிப்படி அது தப்பும் இல்லையாம்! விலைக்கு வாங்கிய பார்வை பட்டியலில் சேராது என்று யூடியூபுக்குத் தோன்றியதே அந்த ஆண்டு செப்டம்பரில்தான். நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டால் பின்னம். கேட்காத பாட்டு விளம்பரமாக வந்து தலையில் விழுந்தால் அதுவரை முழு எண்.

இவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிற தொழிலில் ஒரு கணக்கு மட்டும் உதைக்கிறது. 2021 மார்ச்சில் வந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. அதைப் பாடிய அறிவின் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் உழைத்த கதையிலிருந்து பிறந்த பாட்டு. கோடி கோடியாகப் பார்த்தார்கள். 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வீடியோவில் வந்து, அந்தப் பாட்டால் ஒரு பைசா வரவில்லை என்றார். வெளியிட்ட மாஜா நிறுவனம் மறுத்தது. யார் சொல்வது நிஜமோ, பாட்டு வந்து மூன்று வருஷமாகியும் அப்போது கணக்கு தீர்ந்திருக்கவில்லை. கேட்டவளைத் தசமப் புள்ளி வரைக்கும் நறுக்கி எடை போடுகிறவர்களுக்கு, பாடியவனுக்கு ஒரு ரசீது எழுதப் பேனா கிடைக்கவில்லை போலிருக்கிறது.