பத்திரிகை முனையில் மஞ்சள்: ஒரு சாயவியல் ஆய்வு

மும்பை மாட்டுங்காவில், சாயங்களைப் பற்றிப் பாடம் சொல்வதில் பேர்பெற்ற, 1933-இல் தொடங்கிய கல்விக்கூடம் ஒன்று இயங்கி வருகிறது. இன்றைக்கு அதன் பெயர் இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம். பழைய ஆட்களுக்கு யூ.டி.சி.டி. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஆஸ்திக சமாஜத்தைச் சுற்றியுள்ள வீடுகளில், மாமிமார்கள் யாரிடமும் பட்டம் வாங்காமல் காகிதத்துக்குச் சாயமேற்றி வருகிறார்கள். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியதே இல்லை. இக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுப் பொருள்: கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலை. கருவி: வலது கை மோதிர விரல். ஆள்காட்டி விரலால் தடவுவோர் கண்டிக்கப்படுகின்றனர். ஏன் என்று கேட்போர் மேலும் கண்டிக்கப்படுகின்றனர். மராத்தி வீடுகளிலும் மஞ்சள், குங்குமம் இரண்டும் வைத்தே பத்திரிகை தருவார்கள் என்றாலும், அது தனி ஆய்வுக்குரியது.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின். ஐரோப்பியர் அதை 1815-இல் பிரித்தெடுத்து, அதன் மூலக்கூறு அமைப்பை 1910-இல்தான் கண்டுபிடித்தார்கள். உலகச் சாயப் பட்டியலில் அதன் பெயர் ‘இயற்கை மஞ்சள் 3’. பெரும்பாலான செடிச் சாயங்கள் துணியிலோ காகிதத்திலோ நிலைக்கப் படிகாரம் போன்ற துணை வேண்டும். மஞ்சளுக்கு எந்தச் சிபாரிசும் தேவையில்லை. காகிதம், வேட்டி, சம்பந்தி வீட்டு சோபா என்று எதைக் கண்டாலும் தானே ஒட்டிக்கொள்ளும். ஒரே குறை, குர்குமின் தண்ணீரில் கரைவதில்லை. குழைத்த மஞ்சள் தூளில் பெரும்பகுதி காகிதத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்து, உறையைப் பிரிக்கும்போது மடியில் கொட்டுகிறது. சாராயத்தில் கரைத்தால் அருமையாக ஊறும். சுபகாரியப் பத்திரிகையையா என்ற கேள்வி எழுந்ததும் அந்தப் பரிசோதனை கைவிடப்பட்டது.

செய்முறையில் இரண்டு மரபுகள் உண்டு. மாட்டுங்காவின் பழைய வீடுகளிலும் செம்பூரிலும் ஒற்றை மரபு: ஒவ்வொரு பத்திரிகையாக எடுத்துத் தடவி, பால்கனியில் பரப்பிக் காயவைப்பது. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்நூறு பத்திரிகையைப் பரப்ப இடமேது? அங்கே அடுக்கு மரபு: கட்டைச் சீட்டுக்கட்டு போல விசிறிப் பிடித்து, ஒரே இழுப்பில் மூலைகளுக்கு மஞ்சள்; காய்வது அறைக்குள்ளேயே. செம்பூர்க்காரர்கள் இதைக் கைவேகம் என்று ஏளனம் செய்வதுண்டு. ஆனால் குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் சிதைந்து வெளுத்துவிடும். நிழலில் காயவைப்பதே சரி. தாராவிக்காரர்கள் நெருக்கடியால் செய்வதை வேதியியல் சிபாரிசு செய்கிறது. பால்கனி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபப்படக் கூடாது.

வழவழப்பான ஆர்ட் பேப்பர் பற்றி ஒரு வார்த்தை: அதில் மஞ்சள் பிடிக்காது. அதிக விலை கொடுத்தால் குறைந்த சாயம்.

சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன் 1938-இல் மேற்படிக் கல்விக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரானார். செயற்கைச் சாயங்களின் வேதியியல் குறித்து 1952 முதல் அவர் வெளியிட்ட நூல் வரிசை உலகச் சாயத் தொழிலுக்கே கையேடு. பேக்கர்–வெங்கட்ராமன் வினை என்று அவர் பெயர் தாங்கிய முறை, செடிகளில் மஞ்சள் நிறம் தரும் ஃபிளேவோன் வகைப் பொருள்களைச் சோதனைச்சாலையில் தயாரிக்க உதவும். நல்லவேளை, குர்குமின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆகவே மாமிமார்களின் துறை இன்னும் மாமிமார்களிடமே இருக்கிறது.

இனி, சர்ச்சைக்குரிய சிவப்பு மூலை. பார் சோப்புக் கையைச் சரியாகக் கழுவாமல் சித்தி ஒருத்தி தடவினால், அந்த மூலை மட்டும் சிவந்துபோகும். காரத்தன்மை பட்டால் குர்குமின் நிறம் மாறும்; ஆய்வுக்கூடங்களில் காரத்தைச் சோதிக்க மஞ்சள் தாள் வைத்திருந்தது இதற்காகத்தான். வீட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வினைதான். எனவே சித்தி செய்தது தப்பில்லை, குங்குமம் என்று வாதிடலாம். ரின் சோப்பில் விளைந்த குங்குமம் சுபமா என்பதில் பெரியவர்கள் இரு அணியாக நிற்கிறார்கள். நான் சித்தி பக்கம்.

அண்மைக்காலத்தில் வாட்ஸாப்பில் வரும் பத்திரிகைகளின் மூலையில் கணினியிலேயே மஞ்சள் பூசிவிடுகிறார்கள். வெயிலில் வெளுக்காது, சோப்பில் சிவக்காது, மடியிலும் கொட்டாது. சாயத்தின் தரத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் “நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை” என்று பெரியப்பா கோபித்துக்கொள்கிறார். அவருக்கென்று தனியாக ஒன்றை அச்சடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு டோம்பிவிலி வரை ரயிலில் போய்க் கொடுத்துவிட்டு வருவதே இப்போதைய நடைமுறை.